பாலை வெயிலில் நடை: ஹஜ் யாத்திரிகர் சரீரத்தை ஆயத்தம் செய்யும் முறை

ஹஜ் கடமையை நிறைவேற்ற எண்ணங்கொண்ட ஒருவர், கல்முனையிலாயினும் மருதமுனையிலாயினும் சம்மாந்துறையிலாயினும் அக்கரைப்பற்றிலாயினும், புறப்படுவதற்கு மாதக்கணக்கில் முன்னரே கடன்களை அடைத்து, வஸிய்யத் எழுதி, உறவினர் வீடுதோறும் சென்று மாப்புக் கேட்டு, ஆலிம்களிடம் மஸ்அலாக்களைக் கற்று, மிகுந்த சிரத்தையோடு தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்கின்றார்; ஆனால் பாலைவனத்துச் சூரியனின் கீழே நடந்தும் நின்றும் காத்திருந்தும் தீரவேண்டிய தமது சரீரத்தை அந்த வெயிலுக்கென ஆயத்தம் செய்வது பற்றி அவர் யோசிப்பது அபூர்வமாகவே இருக்கின்றது. முந்திய அத்தியாயங்களில் கிரியைகளின் ஒழுங்கும் பிரயாணத்தின் ஏற்பாடுகளும் விளக்கப்பட்டன. இந்த அத்தியாயம் வெயிலைப் பற்றி மாத்திரமே பேசுகின்றது.

சக்தி பெற்றவர் மீதே ஹஜ் கடமையாகின்றது என்பது திருக்குர்ஆனின் ஆலு இம்றான் அத்தியாயம் விதிக்கும் நிபந்தனை. அந்தச் சக்தியைப் பணம் என்றும் வாகனம் என்றும் மாத்திரம் எண்ணிவிடாமல், தேக ஆரோக்கியத்தையும் வழியின் பாதுகாப்பையும் அதனுள் அடக்கியே பிக்ஹு நூல்கள் விளக்குகின்றன. ஆதலால் வெயிலைத் தாங்கும் வலிமையைத் தேடிக்கொள்வது இபாதத்துக்குப் புறம்பான உலக காரியமன்று. இபாதத்தின் வாசலிலேயே நிற்கும் ஒரு கடமை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் ஆலோசனைகளை வாசகர் அலட்சியமாகப் புரட்டிச் செல்லமாட்டார் என்பது எமது நம்பிக்கை.

2024ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிறைவேறிய ஹஜ்ஜில் பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். அந்நாட்களில், ஜூன் 17ஆந் திகதி, மஸ்ஜிதுல் ஹறாமில் வெப்பம் 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது. யாத்திரை முடிந்ததும் சவூதி அரேபியாவின் சுகாதார அமைச்சர் பஹ்த் அல்ஜலாஜில் ஜூன் 23ஆந் திகதி அறிவித்த கணக்கின்படி, அந்த ஹஜ்ஜில் உயிர்நீத்தோர் தொகை 1,301. அவர்களுள் நூற்றுக்கு 83 பேர் முறையான அனுமதிப்பத்திரம் இல்லாமல் வந்து, நிழலும் ஓய்வுமின்றி நேர் வெயிலில் நீண்ட தூரம் நடந்தவர்கள் என்றும், முதியோரும் நாட்பட்ட நோயாளரும் அவர்களுள் அடங்குவர் என்றும் அந்த அறிவிப்பு எடுத்துரைத்தது. மரணித்தோரில் பெருந்தொகையினர் எகிப்தியர். அந்நாட்டு அரசாங்கம் பதினாறு பிரயாண நிறுவனங்களின் அனுமதியை ரத்துச்செய்தது.

இந்த எண்களை வாசிப்போர் வெயிலைக் குற்றஞ்சாட்டி நின்றுவிடுகின்றனர். ஆனால் அதே வெயிலில், அதே மைதானத்தில், குளிரூட்டிய கூடாரமும் பஸ் வண்டியும் தண்ணீரும் கிடைத்த இலட்சக்கணக்கானோர் சுகமாக வீடு திரும்பினர். வெயில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது; ஆயத்தமே வேறுபட்டது. விசிட் வீசாவில் அனுப்புகிறோம், செலவு பாதிதான், உள்ளே போய்விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஆசைகாட்டுவோர் எந்த ஊரிலும் உண்டு. அவர்கள் விற்கும் அந்த மலிவு ஹஜ்ஜில் குறைக்கப்படுவது கூடாரம், வாகனம், தண்ணீர், வைத்தியம் என்னும் நான்குமே என்பதை யாத்திரிகர் அறிந்துகொள்ள வேண்டும். முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிவுசெய்து, அனுமதி பெற்ற முகவர் மூலம், தமது பெயர் பொறித்த நுஸுக் என்னும் ஹஜ் அடையாள அட்டையோடு செல்வதே வெயிலுக்கு எதிரான முதலாவது காப்பு. அதற்கு வசதியில்லாதவர் காத்திருப்பதில் குற்றமேதுமில்லை.

எமது வெயிலும் அந்த வெயிலும்

எமது கரையோரத்து மக்கள் வெயிலுக்குப் புதியவர்கள் அல்லர். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் சிறுபோக வயலில் நாள் முழுவதும் நின்றவர்களும், நிழலென்பதே இல்லாத கடலில் தோணியிலிருந்து வலை வளைத்தவர்களும், வளைகுடா நாடுகளில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர்களும் எமது வீடுகளில் உள்ளனர். இதனால், வெயில் எமக்குப் பழக்கந்தானே என்னும் ஒரு துணிவு யாத்திரிகரிடம் இயல்பாகவே ஏற்படுகின்றது. இந்தத் துணிவே எமது ஊர்களிலிருந்து செல்வோருக்கு மிகப் பெரிய அபாயம் என்று யான் கருதுகின்றேன். அதற்குக் காரணம், எமது வெயிலும் மக்காவின் வெயிலும் அளவில் மாத்திரமன்றித் தன்மையிலேயே வேறுபட்டவை என்பதாகும்.

கல்முனையில் வெப்பம் 35 பாகையை ஒட்டி நிற்கும்போது காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். பிற்பகலில் கடற்காற்று வந்து உடலைத் தழுவும். வியர்வை உலராமல் நெற்றியிலும் முதுகிலும் வழிந்து, சட்டையை நனைத்து, போதும், நிழலுக்குப் போ, தண்ணீர் குடி என்று எமக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். பாலைவனத்தில் அந்த அறிவிப்பு இல்லை. வறண்ட காற்று வியர்வையைத் தோன்றிய கணத்திலேயே உறிஞ்சிவிடுவதால், ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் அளவு நீரை இழந்த மனிதர் தமது தோல் உலர்ந்திருப்பதைக் கண்டு, தமக்கு வியர்க்கவேயில்லை என்று நம்பி நடந்துகொண்டிருப்பார். இழப்பு கண்ணுக்குத் தெரியாதபோது தாகமும் தாமதித்தே வருகின்றது. வயது முதிர்ந்தவர்களில் அது இன்னும் தாமதிக்கின்றது.

இன்னுமொரு வேறுபாடும் உண்டு. எமது தோலின் உஷ்ணம் ஏறத்தாழ 35 பாகை. சுற்றியுள்ள காற்று அதிலும் குளிர்ச்சியாக இருக்கும்வரை, வீசும் காற்று சரீரத்தின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகும். காற்று 45 பாகையாகும்போது, அது வெப்பத்தை வாங்குவதற்குப் பதிலாகச் சரீரத்துக்குக் கொடுக்கத் தொடங்குகின்றது. காலடியிலுள்ள தார் வீதியும், இருபுறத்து மொட்டைப் பாறைகளும், நெருங்கி நடக்கும் சனத்திரளும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. அந்நிலையில் சரீரத்துக்கு எஞ்சியிருக்கும் ஒரே உபாயம் வியர்வை ஆவியாதல். மண்குடத்தின் சுவரில் கசியும் ஈரம் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பது போல, எமது சரீரமும் தன் ஈரத்தைச் செலவிட்டே தன்னைக் குளிர்வித்துக்கொள்கின்றது. உள்ளே நீர் வற்றுமாயின் அந்த உபாயமும் நின்றுவிடும்.

இந்த உண்மையை உலகத்தின் உஷ்ணப் பிரதேசங்கள் யாவும் உணர்ந்திருக்கின்றன. சவூதி அரேபியாவில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, பகல் 12 மணி தொடக்கம் 3 மணிவரை திறந்த வெளியில் வேலை வாங்குவது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கில் நடைப்பயணம் செல்வோரை, கோடைகாலத்தில் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் நடக்கவேண்டாம் என்று காவலர்கள் எச்சரிக்கின்றனர். எமது மாவட்டத்திலேயே, உகந்தையிலிருந்து குமண, யால வனங்களின் ஊடாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் இந்துச் சகோதரர்களும் விடியற்காலையில் நடந்து, உச்சி வெயிலில் நீர்நிலையோரத்து மரநிழலில் தங்கி, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் நடப்பதையே வழக்கமாகக் கொண்டுள்ளனர். வெயிலை எதிர்த்து வெல்வதன்று, அதனின்று விலகி நடப்பதே விவேகம் என்பதில் எல்லா அனுபவமும் ஒன்றுபடுகின்றது.

வீட்டிலிருந்தே தொடங்கும் நாற்பது நாட்கள்

சரீரம் வெயிலுக்குப் பழகும் ஆற்றலுடையது. நாள்தோறும் சிறிது நேரம் வெயிலில் உழைப்பவரின் சரீரம், ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள், முன்னிலும் சீக்கிரமாக வியர்க்கவும், வியர்வையில் உப்பைக் குறைவாக இழக்கவும், இருதயத்தை அதிகம் பதறவிடாமல் இரத்தத்தைச் செலுத்தவும் கற்றுக்கொள்கின்றது. குளிரூட்டிய அறையில் அமர்ந்து தொழில் பார்த்துவிட்டு விமானமேறுபவருக்கு இந்தப் பழக்கம் கிடைப்பதில்லை. பழகியவரும் சில வாரங்கள் அதைக் கைவிட்டால் இழந்துவிடுவார் என்பதால், எப்போதோ வயலில் நின்ற அனுபவத்தை இப்போது நம்புவதில் பயனில்லை.

எனவே, புறப்படுவதற்கு நாற்பது நாட்களுக்கு முன்னர் நடையைத் தொடங்குக. மக்காவிலிருந்து அறபா ஏறத்தாழ 20 கிலோமீற்றர். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று அதனிலும் சற்றே கூடிய தூரம். இந்தத் தூரத்தை வாகனத்திலேயே கடக்கப் போகின்றோம் என்றாலும், அறபாவிலிருந்து முஸ்தலிபாவுக்கும், மினாவின் கூடாரத்திலிருந்து ஜம்றாக்களுக்கும், அங்கிருந்து திரும்பியும், வாகனம் கிடைக்காதபோது கால்களே துணை என்பதை நினைவில் வைத்திருத்தல் வேண்டும். தவாபும் ஸஃயும் கூடச் சில கிலோமீற்றர் நடையே. ஸபாவுக்கும் மர்வாவுக்குமிடையில் ஏழு முறை செல்வது மாத்திரம் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றராகும்.

முதல் இரண்டு வாரங்களில் சுபஹுத் தொழுகைக்குப் பின்னர் கடற்கரை வழியே அரை மணித்தியாலம் நடந்தாற் போதும். அதன்பின் நேரத்தை ஒரு மணித்தியாலமாகவும், பின்னர் ஒன்றரை மணித்தியாலமாகவும் உயர்த்துக. கடைசி இரண்டு வாரங்களில் காலை எட்டு, ஒன்பது மணி வெயிலில் நடக்கப் பழகுக. உச்சி வெயிலில் பயிற்சி செய்வது பயிற்சியன்று, ஆபத்து. ஹஜ்ஜில் அணியப்போகும் அதே செருப்பையே இப்போது அணிந்து பழகுக. புதுச் செருப்போடு மக்காவில் இறங்குபவரின் கால், முதல் தவாபிலேயே கொப்புளங் கொள்ளும். கணவனும் மனைவியும், தாயும் மகனும், எவர் எவர் கூடச் செல்கின்றனரோ அவர்கள் ஒன்றாகவே நடந்து பழகினால், ஒருவர் மற்றவரின் வேகத்தையும் களைப்பின் அடையாளத்தையும் அறிந்துகொள்வர். இந்த அறிவு பின்னர் உயிர்காக்கும்.

இதே காலத்தில் வைத்தியரைச் சந்தித்து ஆலோசனை பெறுதல் அவசியம். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ தமது வழக்கமான வைத்தியரிடமோ, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மேசைமீது பரப்பி வைத்து, வெயிலில் இவற்றால் என்ன நேரும் என்று கேட்டறிதல் வேண்டும். சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மாத்திரைகள், இருதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரைகள், தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் எடுக்கும் சில மருந்துகள், மூட்டுவலி மாத்திரைகள் ஆகியவை சரீரத்தின் நீரையோ, வியர்க்கும் ஆற்றலையோ, சிறுநீரகத்தையோ பாதிக்கக்கூடியவை. இவற்றைத் தாமாக நிறுத்துவதும் தவறு. கேளாமற் செல்வதும் தவறு. நீரிழிவுக்காரர் தமது இன்சுலினைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் பையை இங்கேயே வாங்கிக்கொள்வாராக. பாதத்தில் உணர்ச்சி குறைந்துள்ள நீரிழிவுக்காரர், கஃபாவைச் சுற்றியுள்ள வெண்பளிங்குத் தரை வெயிலிலும் குளிர்ந்திருப்பதை நம்பி வெளியிலும் வெறுங்காலோடு இறங்கினால், பாதம் வெந்து போவதைக்கூட அறியமாட்டார். செருப்பை வாசலில் விட்டுத் தொலைத்துவிடாமல், ஒரு துணிப்பையில் இட்டுக் கூடவே கொண்டுசெல்வதே இதற்குப் பரிகாரம்.

கூடவே கொண்டுசெல்ல வேண்டியவை

வெள்ளை நிறக் குடை ஆளுக்கொன்றாக இருத்தல் வேண்டும். இஹ்றாம் அணிந்த ஆண் தலையைத் தொப்பியாலோ துணியாலோ மூடலாகாது என்பதால், குடையும் ஆகாதென்று சிலர் எண்ணி வெறுந்தலையோடு வெயிலில் நிற்கின்றனர். இது சரியன்று. தலையில் படியாமல் மேலே விரியும் நிழலுக்குத் தடையில்லை. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தமது ஹஜ்ஜில் ஜம்றத்துல் அகபாவுக்குக் கல்லெறியச் சென்றபோது, உஸாமா, பிலால் ஆகிய இருவருள் ஒருவர் தமது ஆடையை உயர்த்திப் பிடித்து அவர்களுக்கு வெயில் படாமல் நிழல் செய்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி. அண்ணலாருக்குச் செய்யப்பட்ட நிழலை எமக்கு நாமே மறுத்துக்கொள்வதில் பக்தி ஏதுமில்லை.

தோளில் தொங்கும் ஒரு சிறு பையில், ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல், நீர் தெளிக்கும் சிறு போத்தல், ஒரு பருத்தித் துவாய், உப்பும் சீனியும் கலந்த ஜீவனிப் பொதிகள் ஐந்தாறு, சிறிது பேரீச்சம்பழம், அன்றைய மருந்துகள், மாற்றுச் செருப்பு, வாசனையற்ற வாஸலின் என்பன இருந்தாற் போதுமானது. தொடைகளின் உராய்வால் ஏற்படும் புண் ஆண்களின் நடையைக் கெடுத்து, வெயிலில் நிற்கும் நேரத்தை நீடித்துவிடுவதால், வாஸலினை அற்பமாக எண்ணவேண்டாம். இஹ்றாமுக்குப் பருத்தித் துணியையே தெரிந்தெடுக்குக. அது நீரைப் பிடித்துவைத்து ஆவியாக விடும். கழுத்திலோ மணிக்கட்டிலோ பெயர், இரத்த வகை, நோய் விபரம், கூடார இலக்கம், குழுத் தலைவரின் தொலைபேசி இலக்கம் ஆகியன எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும்.

தண்ணீரும் உப்பும்

தாகம் வரும்வரை காத்திராமல், நடக்கும்போதெல்லாம் கால் மணித்தியாலத்துக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு முறை ஒரு கோப்பை அளவு குடித்துவருதல் நன்று. ஆயினும் ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரை லீற்றருக்கு மேல் வெறுந்தண்ணீரைக் குடித்தல் ஆகாது. வியர்வையோடு உப்பும் போய்விட்ட சரீரத்தில் வெறுந்தண்ணீர் மாத்திரம் நிறைந்தால், இரத்தத்திலுள்ள உப்பு ஐதாகி, தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு என்பன தோன்றும். இது நீரிழப்பைப் போலவே தோன்றுவதால், பலர் மேலும் தண்ணீரைப் புகட்டி நிலைமையை மோசமாக்கிவிடுகின்றனர். எனவே சாப்பாட்டைக் கைவிடாமல் உண்பதும், நீண்ட நடையின்போது ஜீவனி கரைத்த நீரை இடையிடையே பருகுவதும் அவசியம். ஜீவனி தீர்ந்துபோனால் ஒரு லீற்றர் நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் அதே பயன் கிடைக்கும். உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளோர் உப்பு, நீர் இரண்டின் அளவையும் வைத்தியரிடம் கேட்டு வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே பெண்களுக்கு விசேஷமாக ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. மினாவிலும் முஸ்தலிபாவிலும் கழிவறை வாசல்களில் நீண்ட வரிசைகள் நிற்கும் என்று முன்பு சென்றவர்கள் சொல்லக் கேட்டு, எமது தாய்மாரும் சகோதரிகளும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகின்றனர். கூச்சத்தாலும் சிரமத்துக்கு அஞ்சியும் செய்யும் இந்தக் காரியம், வெயிலில் உயிருக்கே உலைவைக்கக்கூடும். வரிசையில் நிற்பது ஒரு சிரமம். தண்ணீரின்றி மயங்கி விழுவது ஆபத்து. குழுத் தலைவர்களும் கணவன்மாரும் இதனை உணர்ந்து, பெண்கள் வெளிப்படையாகக் கேளாமலே அவர்களுக்குப் போதிய அவகாசம் வைத்துப் புறப்படும் நேரங்களை ஒழுங்குசெய்ய வேண்டும். எவராயினும் தமது சிறுநீரின் நிறத்தைக் கவனித்து வருவாராக. அது கடும் மஞ்சளானால் சரீரத்தில் நீர் குறைந்துவிட்டது என்பதே பொருள்.

ஹஜ்ஜின் நாட்களில்

மக்காவை அடைந்த உற்சாகத்தில், ஹஜ்ஜின் நாட்கள் வருமுன்னரே நாளுக்கொரு உம்றாவென்று தன்ஈமுக்கும் ஹறத்துக்கும் அலைந்து, துல்ஹஜ் எட்டாம் நாளில் சோர்ந்துபோன உடலோடும் காய்ச்சலோடும் மினாவுக்குச் செல்வோர் உண்டு. நபிலான அமலுக்காகப் பர்ளான அமலின் பலத்தைச் செலவிட்டுவிடுவது நல்ல கணக்கன்று. முதல் நாட்களில் நிறைய உறங்குக. பகலில் அறையிலிருந்து, இரவிலும் அதிகாலையிலும் ஹறத்துக்குச் செல்க. காய்ச்சல் கண்டவர் அது தணியும்வரை வெயிலில் இறங்கவே கூடாது.

மினாவில் பெரும்பாலான நீண்ட நடைகளுக்குக் காரணம் வழி தவறுதலே. ஒரேவிதமான வெண்கூடாரங்கள் எல்லாத் திசையிலும் பரந்திருக்க, இலக்கத்தை மறந்தவர் பத்து நிமிடத் தூரத்தை மூன்று மணித்தியாலம் வெயிலில் சுற்றுகின்றார். கூடாரத்தை அடைந்தவுடன் வீதி இலக்கத்தையும் கூடார இலக்கத்தையும் எழுதிக்கொள்க. கைத்தொலைபேசியில் படமெடுத்து வைக்குக. தனியே வெளியே செல்லாதீர்.

அறபாவின் நாளே ஹஜ்ஜின் உயிர்நிலை. அபாயம் மிகுந்த பகலும் அதுவே. அறபாவின் எல்லைக்குள் எங்கே தரித்தாலும் வுகூப் நிறைவேறும் என்பதும், ஜபலுர் றஹ்மா மலைமீது ஏறுவது நிபந்தனையன்று என்பதும் எல்லா ஆலிம்களும் கூறும் மஸ்அலா. இதை அறிந்திருந்தும் உச்சி வெயிலில் அந்தப் பாறைகளின்மீது ஏறி நிற்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். நீங்கள் கூடாரத்தில் இருந்தே துஆக் கேளுங்கள். 2025ஆம் ஆண்டில் சவூதி அதிகாரிகள் அறபா நாளில் காலை 10 மணி முதல் மாலை 4 மணிவரை கூடாரத்தை விட்டு வெளியேற வேண்டாமென்று யாத்திரிகரைக் கேட்டுக்கொண்டனர். அந்த வரையறையை எல்லா ஆண்டும் பின்பற்றுவது நலம். அறபாவில் தரித்திருக்கும் ஹாஜிக்கு அன்றைய நோன்பு இல்லை. அண்ணலார் (ஸல்) அவர்கள் அங்கே மக்கள் காணப் பால் அருந்தி இதனை உணர்த்தினார்கள். ஊரில் அந்நோன்பைத் தவறாது பிடித்து வந்த பழக்கத்தால் அங்கேயும் பிடிக்க முனைய வேண்டாம்.

முஸ்தலிபாவின் இரவில் வெயில் இல்லையெனினும், பகலின் சூடு தரையிலிருந்து எழுந்துகொண்டே இருக்கும். அந்த இரவிலேனும் சரீரம் ஆறாவிட்டால் மறுநாள் அது தாங்காது. பலவீனருக்கும் பெண்களுக்கும் இரவிலேயே அங்கிருந்து புறப்பட அண்ணலார் அனுமதித்தார்கள் என்பதை நினைவில் வைத்து, குழுவிலுள்ள முதியோரை முன்கூட்டியே அனுப்ப ஏற்பாடு செய்தல் வேண்டும். ஜம்றாக்களில் கல்லெறியும் நேரத்தைப் பொறுத்தவரை, பதினொன்றாம் நாளிலும் அதன் பின்னரும் சூரியன் சாய்ந்ததும் உடனே புறப்படுவோரே அதிகம். அந்த நேரமோ கடும் உஷ்ண நேரம். அஸருக்குப் பின்னரும் இரவிலும் எறிவதற்கு இடமுண்டு. நோயாளருக்காக இன்னொருவர் எறிவதற்கும் மார்க்கத்தில் அனுமதியுண்டு. உங்கள் குழுவின் ஆலிமிடம் இவற்றை முன்னரே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அல்லாஹ் அளித்த சலுகையை ஏற்பதைப் பலவீனமென்று எண்ணி வெட்கப்படுவோருக்கு ஒன்று சொல்வேன்: சலுகையும் மார்க்கமே.

ஆபத்தின் அடையாளமும் முதலுதவியும்

வெப்பத்தால் வரும் நோய் படிப்படியாக ஏறும். முதலில் கெண்டைக்காலிலும் வயிற்றிலும் தசைப்பிடிப்பு. அதன்பின் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், மிகுந்த களைப்பு, வேகமான நாடி. இந்நிலையில் நிழலுக்கு அழைத்துச் சென்று, படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, ஜீவனி நீரைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்து, ஈரத்துணியால் உடலை ஒற்றி விசிறினால், அரை மணித்தியாலத்துக்குள் தேறுவதைக் காணலாம். தேறாவிட்டால் வைத்தியரிடம் கொண்டு செல்க. தேறினாலும் அன்றைக்கு அவர் மீண்டும் வெயிலில் நடத்தல் கூடாது.

சரீரத்தின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டிப் புத்தி தடுமாறத் தொடங்கிவிட்டால், அது வெப்பத்தாக்கு. பேச்சுக் குழறுதல், தாம் இருக்குமிடம் அறியாமை, காரணமில்லாத கோபம், தள்ளாடிய நடை, வலிப்பு, மயக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். தோல் உலர்ந்து கொதிக்கும். நடந்து களைத்தவரிடம் வியர்வையும் இருக்கக்கூடுமாதலால், வியர்க்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாகாது. கூடவந்தவர் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், பிடிவாதமாக எதிர்த்திசையில் நடக்கிறார் என்றால், அதைக் குணத்தின் கோளாறென்று எண்ணிக் கோபிக்காமல், மூளை சூடாகிவிட்டதென்று உணர்ந்து உடனே செயற்பட வேண்டும்.

அப்போது மக்காவில் 911 என்ற இலக்கத்துக்கோ, செம்பிறைச் சங்கத்தின் அம்புலன்ஸ் சேவையான 997க்கோ அழைக்குக. மொழி புரியாவிட்டால், முதலுதவி எனப் பொருள்படும் இஸ்ஆப் என்னும் சொல்லை உரத்துச் சொன்னாலே அருகிலிருப்போர் உதவிக்கு ஓடிவருவர். வாகனம் வரும்வரை சும்மா காத்திருத்தல் ஆகாது. குளிர்வித்தலே சிகிச்சை, கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நட்டம். மறைக்க வேண்டியதை மறைத்து மேலாடையை நீக்கி, கிடைத்த நீரையெல்லாம் உடல் முழுவதும் ஊற்றி, பலர் சேர்ந்து விசிறுக. பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், கவட்டு ஆகிய இடங்களில் வைக்குக. மயங்கியவர் வாயில் நீர் புகட்டாதீர். அது மூச்சுக்குழாயில் இறங்கும். பரசிற்றமோலோ அஸ்பிரினோ இந்தச் சூட்டைத் தணிக்காது, தீங்கே செய்யும்.

நீரும் காற்றும் இவ்வளவு எளிய பொருள்களாயிற்றே என்று அவநம்பிக்கை கொள்ள வேண்டாம். 1980ஆம் ஆண்டில் வீனர், கோகலி என்னும் இரு வைத்திய அறிஞர்கள், ஹஜ் யாத்திரிகரின் வெப்பத்தாக்கைச் சிகிச்சை செய்வதற்கென்றே ஒரு கருவியை உலகுக்கு விளக்கினர். மக்கா குளிரூட்டும் கட்டில் என்று கூறத்தக்க அதில் நோயாளியைக் கிடத்தி, நுண்ணிய நீர்த்துளிகளை உடல்மீது தெளித்து, அதன்மீது காற்றைச் செலுத்துவர். வைத்தியசாலையின் கருவியும் உங்கள் கையிலுள்ள போத்தலும் விசிறியும் செய்வது ஒரே வேலை.

துணையின் கடமை

வெப்பத்தாக்குக்கு உட்பட்டவர் தமது நிலையைத் தாமே அறியமாட்டார். அறியும் கருவியான மூளையே அங்கே பாதிக்கப்படுகின்றது. ஆகவே, ஒவ்வொரு குழுவிலும் இருவர் இருவராகச் சோடி சேர்த்து, இளையவரை முதியவரோடும், நோயற்றவரை நோயாளரோடும் இணைத்து, ஒருவர் மற்றவரைக் கண்காணிக்கும் பொறுப்பை மினாவுக்குப் புறப்படுமுன்னரே ஒப்படைத்தல் வேண்டும். தண்ணீர் குடித்தீர்களா, மருந்து எடுத்தீர்களா, தலை சுற்றுகிறதா என்று மணிக்கொரு தடவை கேட்பது தொந்தரவன்று. குழு முழுவதும் அதன் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்திலேயே நடக்கட்டும். பின்தங்கியவரை விட்டுச்செல்லும் குழு, குழுவென்னும் பெயருக்கு உரியதன்று.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நாட்கள் குறைந்ததால், ஹஜ் ஒவ்வொரு வருடமும் முன்னகர்ந்து, ஏறக்குறைய முப்பத்துமூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகின்றது. 2026ஆம் ஆண்டில் அது மே மாத இறுதிக்கு வந்து, அதன்பின் படிப்படியாகக் குளிர்காலத்தை நோக்கிச் செல்கின்றது. இதைக் கேட்டு, இனி வெயிலில்லை என்று நிம்மதி கொள்வது பிழை. மக்காவில் மே மாதத்துப் பகல்களும் 40 பாகையைத் தாண்டுவன. பாடசாலை விடுமுறையைப் பார்த்து ஓகஸ்ட் மாதத்தில் குடும்பத்தோடு உம்றாவுக்குச் செல்வோருக்கோ முழுக் கோடையும் காத்திருக்கின்றது. ஆகவே இந்த அத்தியாயத்தில் கூறியவை உம்றாவுக்குச் செல்வோருக்கும் சிறுபிள்ளைகளை அழைத்துச் செல்வோருக்கும் அவ்வாறே பொருந்தும்.

வாசகர்களே! இதுவரை கூறியவற்றுள், அனுமதியோடு செல்வதைத் தவிர, பெருஞ்செலவை வேண்டுவது எதுவுமில்லை. நாற்பது நாட்கள் நடந்து பழகுதல், வைத்தியரைக் கேட்டறிதல், குடை பிடித்தல், காலமறிந்து நீரருந்துதல், உச்சி வெயிலில் கூடாரத்தில் தங்குதல், சலுகையை ஏற்றல், துணையை விட்டு நீங்காதிருத்தல் என்னும் இவை எவருக்கும் இயலும். எமது ஊர்களின் பள்ளிவாசல் நிருவாகிகளும் ஹஜ் முகவர்களும், யாத்திரிகருக்கு மஸ்அலா வகுப்பு நடத்தும் நாளிலேயே ஒரு வைத்தியரையும் அழைத்து இந்த விடயங்களைச் செய்து காட்டச் செய்வார்களாயின், அது பெரும் ஸதகாவாக அமையும். ஹஜ்ஜுக்குச் செல்லும் உங்கள் உம்மாவையோ வாப்பாவையோ விமான நிலையத்தில் வழியனுப்புமுன், இந்த அத்தியாயத்தை அவர்களுக்கு ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டுங்கள்.